வெறும் வயிற்றில் வரவும்

எங்கள் வார்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் சரியாக ஆயிரம் பேர். வருஷத்துக்குப் பன்னிரண்டு பேர் சாக வேண்டும் என்பது ஏற்பாடு. இந்த வருஷம் பதினோரு பேர் ஒத்துழைத்துவிட்டார்கள். பன்னிரண்டாவது ஆளாகத் தெய்வசிகாமணிக்குக் கடிதம் வந்தது. பழைய ரிப்போர்ட்டுகளுடன் வெள்ளிக்கிழமை காலை வெறும் வயிற்றில் வரவும் என்று போட்டிருந்தது.

மனைவி குணவதி கடிதத்தை வாங்கிப் படித்தாள்.

"வெள்ளிக்கிழமை கேஸ் சிலிண்டர் வருதே," என்றாள். "சரி, வாங்கி வெச்சுட்டு மதியம் சாப்பாடு கொண்டாறேன்."

தெய்வசிகாமணிக்குச் சாவதில் துளியும் இஷ்டமில்லை. அறுபத்திரண்டு வயதாகியும் ஒரு பாதுஷாவைக்கூட அவர் உட்கார்ந்து தின்றதில்லை. எல்லாம் மிட்டாய்க்கடை ஓரமாக நின்றபடி, தெரிந்தவர் யாராவது வருகிறார்களா என்று தெருவைப் பார்த்துக்கொண்டே விழுங்கியது. ஒரு தடவையாவது உட்கார வேண்டும் என்று ஆசை இருந்தது.

கடிதம் வந்த நிமிஷமே பத்தியத்தை ஆரம்பித்தார். எங்கள் கூட்டத்தின் லட்சணம் அது. நானும் அந்தக் கூட்டம்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பிருந்து நாங்கள் முனிவர்கள். வெள்ளரிக்காய், வெந்தயத் தண்ணீர், இரு வேளை நடை. ரத்தம் கொடுத்ததும் முழங்கையில் பஞ்சை மடக்கிப் பிடித்தபடி நேராக ஜாங்கிரி. பதினேழு வருஷமாக இவருடைய ரிப்போர்ட் நூற்றெட்டைத் தாண்டியதில்லை. மூன்று மாதச் சராசரி பார்க்கும் டெஸ்ட் ஒன்று உண்டே, அதைப் பற்றி எந்த டாக்டராவது வாயைத் திறந்தால் டாக்டரையே மாற்றிவிடுவார்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பிப் போனார். கடிதம் அனுப்பிய அலுவலகம் முதல் மாடியில் இருந்தது. நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. எதிரே வந்த பியூனிடம் விசாரித்தார்.

"நீங்க நடக்காம விட்ட வாக்கிங் எல்லாம் இங்கதான் சார் கழியும். எத்தனை வருஷம்?"

"பதினேழு."

"மத்தியானம் ஆயிடும். ஓரமா நடங்க."

மத்தியானம் தாழ்வாரம் முடிந்தது. இதயம், சிறுநீரகம், பக்கவாதம், கால் புண் என்று நான்கு கவுன்டர்கள். இதயத்தில் மற்ற வார்டுக்காரர்களின் கூட்டம் நெரிந்தது. கால் புண்ணில் மூன்றே பேர். ரேஷன் கடைப் பழக்கத்தில் ஓடிப்போய் அங்கே நின்றுகொண்டார். முதல் ஆளாக வந்த பிறகுதான் தனக்குச் சாக இஷ்டமில்லை என்பது ஞாபகம் வந்தது.

கவுன்டரில் பிலோமினா என்ற பெண் அதிகாரி இருந்தார்.

"எதுல சாகுறீங்க?"

"சுகர்ல."

"சுகர்ல யாரும் சாகுறதில்ல சார். அது கூட்டிட்டு வந்து விட்டுட்டுப் போயிடும். ஃபாரத்துல அதும் பேரே வராது. ஹார்ட், கிட்னின்னு ஏதாவது சொல்லுங்க."

தெய்வசிகாமணி ஃபைலை நீட்டினார். பிலோமினா புரட்டினார். தொண்ணூற்றெட்டு. நூற்று நான்கு. நூற்றொன்று.

"உங்களுக்கு சுகரே இல்லையே."

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பதினேழு வருஷ ஏமாற்று கடைசியில் சோறு போட்டுவிட்டது.

"அப்ப நான் கெளம்பலாங்களா?"

"இருங்க. இதுல இருக்கறது அறுபத்தெட்டு நாளோட காலை. முன்னாடி ரெண்டு ரெண்டு நாள் வேணும்னா சேத்துக்கலாம். மிச்ச நாள் எல்லாம் இருந்தது யாரு?"

அவர் ஃபைலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிலோமினா மணியடித்தார். பியூன் பக்கத்து அறையிலிருந்து இன்னொரு தெய்வசிகாமணியை அழைத்துவந்தார். அதே முகம், அதே வழுக்கை. தொப்பை மட்டும் கொஞ்சம் பெரிது. காலரில் பாகு காய்ந்திருந்தது. ஆள் சந்தோஷமாக இருந்தார்.

"ஒருத்தர் வீட்டுக்குப் போகலாம்," என்றார் பிலோமினா. "இன்னொருத்தர் பன்னிரண்டு. வீட்டம்மா வந்து அடையாளம் காட்டணும்."

குணவதி டிபன் கேரியரோடு வந்து சேர்ந்தாள். தெய்வசிகாமணி ஃபைலை உயர்த்திக் காட்டினார்.

"குணா, நான்தான். நூத்தியொண்ணு."

குணவதி இருவரையும் பார்த்தாள். பிலோமினாவிடம் திரும்பினாள்.

"இவர எனக்கு அவ்வளவாப் பழக்கமில்லீங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா வருவாரு. ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருப்பாரு. போயிடுவாரு." மற்றவரைக் காட்டினாள். "இவருதான் எங்க வீட்டுக்காரர். சட்டைப் பையில எறும்பு வரும். பதினேழு வருஷமா நான்தான் தொவைக்கிறேன்."

"உனக்குத் தெரியுமா?" என்றார் தெய்வசிகாமணி.

"எறும்புக்கே தெரியுதுங்களே."

அவருக்கு அழுகை வந்தது. தன்னிடம் இவ்வளவு மரியாதையாக அவள் பேசியதே இல்லை.

குணவதி கேரியரைத் திறந்தாள். மேல் தட்டில் இரண்டு பாதுஷா இருந்தன. இன்றைக்கென்று வாங்கியிருந்தாள். மற்றவர் ஒன்றை எடுத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் ஜன்னலோரம் போய் நின்றார்.

"உக்காந்து சாப்பிடுங்க," என்றாள்.

அவர் உட்கார்ந்தார். கொஞ்சம் தின்றார். பிறகு முகம் வாடியது.

"அடுத்த மாசம் டெஸ்டுக்கு யாரு போறது?"

"நீங்கதான். இப்படியே போங்க. என்ன வருதோ வரட்டும், நான் கூட வரேன்."

இன்னொரு பாதுஷாவை ஒரு தாளில் வைத்து, தெய்வசிகாமணியின் முன்னால் நகர்த்தினாள். விருந்தாளியிடம் சொல்வது போல, "பாவம், நீங்களும் ஒண்ணு எடுத்துக்குங்க," என்றாள். பிறகு வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் இறங்கினாள். அது அவர்களுக்கும் நீண்டது. இருவரும் பேசிக்கொண்டே மெதுவாக நடந்தார்கள்.

பிலோமினா ஃபாரத்தை எடுத்தார். இதயம் நன்றாக இருந்தது. சிறுநீரகம் நன்றாக இருந்தது. காலைத் தூக்கி மேஜைமேல் வைக்கச் சொன்னார், அதுவும் சுத்தம்.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"நேத்து. அரை வெள்ளரிக்கா."

'பட்டினி' என்று எழுதினார். பேனாவை மூடவில்லை.

"ஒண்ணு சொல்றேன் சார். அந்தப் பாதுஷாவத் தின்னுட்டீங்கன்னா இது செல்லாது. வேற காரணம் உங்ககிட்ட இல்ல. காரணம் இல்லாம நாங்க யாரையும் எடுக்கறதில்ல. நீங்களும் அவங்க பின்னாடியே போயிடலாம்."

தாழ்வாரத்தின் கோடியில் குணவதியின் புடவை இன்னும் தெரிந்தது. தெய்வசிகாமணி பாதுஷாவைப் பார்த்தார். நெய் தாளில் இறங்கியிருந்தது. பக்கத்திலேயே ஒரு காலி நாற்காலி. வாயில் எச்சில் ஊறியது.

உட்கார்ந்தார். வலது சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, கையை மேஜைமேல் நீட்டினார்.

"மொதல்ல ரத்தத்த எடுத்துக்குங்க மேடம்," என்றார். "அப்புறம் சாப்பிடறேன்."