கருவாட்டு வண்டியில் காட்மாண்டு

வண்டி வந்து நின்றதுமே சாந்திநாதனுக்குக் குமட்டிவிட்டது. பின்கதவை இன்னும் யாரும் திறக்கவில்லை. திண்டிவனத்தில், மரக்காணம் ரோட்டில் இருந்த ராயப்பனுடைய மெக்கானிக் ஷெட்டுக்கு முன்னால் அந்தப் பழைய டீசல் வேன் வெயிலில் சும்மா நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அதற்குள் பத்து வருஷத்துக் கருவாடு இருந்தது. சாந்திநாதன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் ஓடி, காலையில் தின்ற நாலு இட்லியையும் வேலியோரம் கொட்டினான்.

ராயப்பன் கைப்பம்பை அடித்துக் கொடுக்க, அவன் வாய் கொப்பளித்தான்.

“கருவாடு ஏத்தின வண்டின்னு சொன்னப்போ தலைய தலைய ஆட்டினியே.”

“ஏத்தின வண்டின்னுதான் சொன்ன. இறக்காத வண்டின்னு சொல்லலியே.”

ராயப்பன் சிரித்தான். சாந்திநாதனால் சிரிக்க முடியவில்லை. இந்த வண்டியில் உட்கார்ந்துதான் காட்மாண்டு வரைக்கும் போயாக வேண்டும்.

சாந்திநாதன் திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டி வைத்திருந்த நயினார் வீட்டுப் பிள்ளை. தலைமுறை தலைமுறையாகச் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுகிற, முட்டைக் கடைப் பக்கம் நிற்கவும் கூசுகிற வீடு. ராயப்பன் வானூர்ப் பக்கத்துக் காலனியில் பிறந்த கிறிஸ்தவன். அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்து அவனைப் படிக்க வைத்தார்கள். மூன்றாமவன் கோதண்டபாணி, விழுப்புரத்தில் டயர் கடை. ஆறாவதிலிருந்து மூவருக்கும் ஒரே பெஞ்சு. முப்பத்து மூன்று வயதிலும் அந்தப் பழக்கம் விடவில்லை.

காட்மாண்டு ஆசையைக் கிளப்பிவிட்டவன் ஒரு வெள்ளைக்காரன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆரோவில்லுக்குப் போய்க்கொண்டிருந்த அவனுடைய வேன் ஹைவேயில் படுத்துவிட்டது. ராயப்பன் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, கிடைக்காத பாகத்தைத் தானே ராவி எடுத்துப் பொருத்தி ஓட வைத்தான். புறப்படும்போது வெள்ளைக்காரன் பெரிய மேப் ஒன்றை விரித்து, தன் ஊரிலிருந்து திண்டிவனம் வரைக்கும் விரலால் கோடு இழுத்துக் காட்டினான்.

“அவன் அங்க இருந்து ஓட்டிக்கினு வர்றான். நம்ம செஞ்சியத் தாண்டி வண்டி எடுத்துக்கினு போனதில்ல,” என்றான் ராயப்பன் அன்று சாயங்காலம். நேபாளத்துக்குப் பாஸ்போர்ட் வேண்டாம் என்று கண்டுபிடித்துச் சொன்னது கோதண்டபாணி. வண்டிக்குள் மாமிசம், முட்டை எதுவும் வரக்கூடாது என்றது சாந்திநாதன். “எனக்கு வேணும்னா வழியில கடையில சாப்ட்டுக்கறேன், வண்டி உன் கோயிலு,” என்று ராயப்பன் ஒத்துக்கொண்டான். எண்பத்தைந்து கார்த்திகையில் வண்டி வாங்கினார்கள். பொங்கல் கழிந்ததும் புறப்படுவதாகப் பேச்சு.

அதற்குள் வண்டியைக் கழுவியாக வேண்டுமே. சோடாக்காரம் போட்டார்கள். புளியைக் கரைத்துத் தேய்த்தார்கள். வேப்பிலையைக் கொதிக்க வைத்து ஊற்றினார்கள். நாற்றம் அசையவில்லை. நாலாம் நாள் ராயப்பன் கடப்பாரையை விட்டுத் தரைத் தகரத்தை நெம்பி எடுத்தான். அடியில், மீன் எண்ணெயும் உப்பும் செதிலும் குழைந்து கறுப்புக் களி மாதிரி ஒரு விரற்கடை உயரத்துக்கு அப்பிக்கிடந்தது. அந்தக் களி முழுவதும் வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிந்தது.

சாந்திநாதனுக்கு அருவருப்பு ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சங்கடம் இன்னொரு பக்கம்: இத்தனை உயிரை எப்படிக் கொல்வது? சோடாக்காரத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு அவன் சிலை மாதிரி நின்றான்.

ராயப்பன் அவன் முகத்தைப் பார்த்தான். ஒரு தகரத் துண்டை வளைத்து எடுத்துக்கொண்டு வண்டிக்குள் மண்டியிட்டு, புழுவோடு களியைக் கொஞ்சம் கொஞ்சமாக வழித்துப் பழைய கூடையில் போட்டான். கூடை நிறைந்ததும் ரோட்டைத் தாண்டிப் போய்ப் புங்கமரத்து நிழலில் கவிழ்த்தான். மத்தியானம் வரைக்கும் பதினோரு கூடை. முழங்கை வரைக்கும் அந்தக் களி அவன் கையில் வழிந்தது. காக்கைகள் வந்து புழுவைக் கொத்தித் தின்றன. அதை இரண்டு பேருமே பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

கோதண்டபாணி ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் விழுப்புரத்திலிருந்து வருவான். வெள்ளைச் சட்டை, மூக்கில் கைக்குட்டை. வண்டியிலிருந்து பத்தடி தள்ளி நின்று பேசுவான். பேச்சுதானே என்று சொல்லிவிட முடியாது. நாலு டயரும் அவன் கடையிலிருந்து வந்தவை. கம்பளிகள், பெட்ரோமாக்ஸ், மருந்துப் பெட்டி எல்லாம் அவன் சேர்த்தான். பத்திரிகை நிருபர் ஒருவரிடம் சொல்லிவைத்து, புறப்படுகிற அன்று போட்டோ எடுக்கவும் ஏற்பாடு செய்திருந்தான். சமையல் சாமான் பெட்டியையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

மார்கழி மத்தியில் ஒரு நாள் வெள்ளோட்டம் விட்டார்கள். திண்டிவனத்திலிருந்து ராயப்பனும் சாந்திநாதனும் விழுப்புரம் போய், கோதண்டபாணியையும் அவனுடைய பெட்டியையும் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். வண்டி நன்றாகவே ஓடியது. நாற்றம் முக்கால்வாசி போய்விட்டது. ராயப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நாக்பூருக்கு எத்தனை நாள், அங்கிருந்து எத்தனை நாள் என்று கணக்குப் போட்டபடியே வந்தான்.

விக்கிரவாண்டி தாண்டி ஒரு மோட்டார் கொட்டகை நிழலில் சாப்பிட நிறுத்தினார்கள். கோதண்டபாணி பெட்டியைத் திறந்தான். புளிச்சோறு, அப்பளம். புத்தம்புது எவர்சில்வர் தட்டு இரண்டு, டம்ளர் இரண்டு. இரண்டிலும் பேர் வெட்டியிருந்தது. அவற்றில் சோறு போட்டுவிட்டு, அவன் வண்டியின் பின்பக்கம் போய், ஸ்பானர் பெட்டியைத் திறந்தான். ஜாக்கிக்கும் கிரீஸ் டப்பாவுக்கும் நடுவிலிருந்து, வேஸ்ட் துணியில் சுற்றிய ஒரு பீங்கான் தட்டையும் அலுமினிய டம்ளரையும் எடுத்தான். தட்டின் விளிம்பில் கிரீஸ் விரல்தடம் பதிந்திருந்தது. அதை அப்படியே தரையில் வைத்து, உயரத்திலிருந்து சோற்றைச் சரித்தான்.

“உக்காருடா ராயப்பா.”

சாந்திநாதன் வாயில் வைத்த கவளம் நின்றுவிட்டது. தண்ணீர் கேன்களைப் பார்த்தான். இரண்டு இருந்தன. ஒன்றின் கழுத்தில் சிவப்புப் பெயின்ட் பூசியிருந்தது.

“என்னடா இது?”

“எது?”

“அவன் தட்டு ஏன் ஸ்பானரோட கிடக்குது?”

கோதண்டபாணி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே பதில் சொன்னான். குரலில் தடுமாற்றமே இல்லை. “உனக்காகத்தான் பண்ணேன். நீதானே சைவம் சுத்தம்னு சொன்ன. அவன் எல்லாத்தையும் துன்ற வாயி. வழியில மீனு துன்னுட்டு வந்து நம்ம தட்டுல கைய வைப்பான். ரெண்டு மாசம் ஒண்ணா இருக்கப்போறோம், முன்னாடியே பிரிச்சி வெச்சிட்டா பேஜாரு இல்ல.”

கொட்டகை வாய்க்காலில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ராயப்பன் அந்தத் தட்டின் பக்கமே போகவில்லை. வாய்க்காலில் இறங்கி, இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துவிட்டு, டயரில் காற்று இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தான்.

சாந்திநாதன் எச்சில் தட்டைக் கீழே வைத்தான். ஆறாவதிலிருந்து ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த கோதண்டபாணியின் வாய், அந்த வெள்ளைச் சட்டை, அப்பளம் ஒட்டிய உதடு எல்லாமே அவனுக்குச் சகிக்கவில்லை. தகரத்துக்கு அடியில் பார்த்த களி பரவாயில்லை என்றிருந்தது.

“தனித் தட்டு இருக்குதுன்னா நான் வரலை,” என்றான்.

கோதண்டபாணி சிரித்தான். “பெரிய ஞாயம் பேசற. உங்க ஊட்ல அவனுக்கு எதுல தண்ணி குடுக்கறீங்க? சொல்லு பாக்கலாம்.”

சாந்திநாதனுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவி ஜினமதியிடம் கேட்டான். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ராயப்பன் அண்ணனுக்கா? கொல்லையில துவைக்கிற கல்லுக்கு மேல மாடம் இருக்குதே, அதுல இருக்கற டம்ளருதான். உங்க அம்மா காலத்துல இருந்தே அங்கதான் இருக்குது. நான் வந்தப்போ அத்தை காட்டிக் குடுத்தாங்க.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க எப்பங்க கேட்டீங்க?”

அவன் கொல்லைக்குப் போனான். மாடத்தில் டம்ளர் இருந்தது. உப்புத்தண்ணீர்க் கறை படிந்து, அடியில் சோப்புக் கரைசல் காய்ந்து, பக்கத்தில் ஒரு பல்லி முட்டை. நூறு தடவையாவது ராயப்பன் இந்த வீட்டுக்கு வந்திருப்பான். தண்ணீர் வந்தது, குடித்தான், பேசினார்கள். எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவையும் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. சாந்திநாதன் அந்த டம்ளரைக் கையில் எடுத்தான். அன்று வேலியோரம் குமட்டியதைவிட மோசமாகக் குமட்டியது. இப்போது எங்கே ஓடுவது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிறு. மாதா கோயிலிலிருந்து ராயப்பன் திரும்பியிருப்பான் என்று கணக்குப் பண்ணி அவன் வீட்டுக்குப் போனான். ராயப்பனும் மனைவி சவுரியம்மாளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கருவாட்டுக் குழம்பு வாசம் தெருவிலேயே தெரிந்தது.

“எனக்குத் தெரியாதுடா,” என்றான் சாந்திநாதன், வாசலிலேயே நின்றபடி.

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் இத்தினி வருசம் வந்துக்கினு இருந்தேன். கோதண்டபாணிக்குத் தெரியும், செய்யறான். உனக்குத் தெரியல, ஆனா நடக்குது. ரெண்டுல எது மோசம்னு ராத்திரி பூரா யோசன பண்ணேன். ஒண்ணும் புரியல.”

சவுரியம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

“காட்மாண்டு போற ஆச எனக்குப் போவல,” என்றான் ராயப்பன். “உங்ககூடப் போற ஆசதான் போச்சி.”

ராயப்பன், தான் சாப்பிட்டு முடித்த தட்டைச் சாந்திநாதன் பக்கம் தள்ளினான்.

“நீ வர்றதுன்னா ஒண்ணு. நான் ஓட்டறேன், நீ சமைக்கற. உன் வண்டிக்குள்ள எதையும் கொண்டார மாட்டேன், அது உனக்குக் குடுத்த வாக்கு. ஆனா வெளியில உக்காந்து மீனோ முட்டையோ, நான் துன்ன தட்ட நீ கழுவணும். ஒரு நாளு கண்காட்சிக்கு இல்ல. போயி வர்ற வரைக்கும்.”

தட்டில் சிவப்புக் குழம்பும், இரண்டு நெத்திலித் தலையும், உறிஞ்சித் துப்பிய முருங்கைச் சக்கையும் கிடந்தன. சாந்திநாதனுக்குத் தொண்டை வரைக்கும் ஏறியது. முப்பத்து மூன்று வருஷத்தில் அவன் தன் தட்டையே கழுவியதில்லை. தன் வயிறு இப்படிப் புரளுவதுதான் இப்போது அவனுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. ராயப்பன் பதினோரு கூடைப் புழு சுமந்தபோது அவன் வயிறு என்ன சொல்லியிருக்கும்?

தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். சாம்பல் போட்டுத் தேய்த்தான். நடுவில் இரண்டு தடவை திரும்பி ஓங்கரித்தான், ஒன்றும் வரவில்லை. மீன் தலையை விரலால் எடுத்துப் போட்டபோது உடம்பே கூசியது. பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள். கழுவிய தட்டைக் கொண்டுவந்து வைத்தான். ராயப்பன் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

“அடியில கழுவல,” என்றான்.

சாந்திநாதன் மறுபடியும் குழாயடிக்குப் போனான்.

தை ஐந்தாம் தேதி இரண்டு பேர் மட்டும் புறப்பட்டார்கள். கோதண்டபாணி ஆள் அனுப்பிக் கம்பளிகளையும் பெட்ரோமாக்ஸையும் திரும்ப வாங்கிக்கொண்டான். மண்டித் தெருவில் சாந்திநாதன் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவனாகப் போகிறான் என்று ஒரு பேச்சு உலாவியது. அது எங்கிருந்து கிளம்பியது என்று அவன் விசாரிக்கவில்லை. ஜினமதி இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, ஊறுகாயும் சத்துமாவும் கட்டிக் கொடுத்தாள். மாடத்து டம்ளரை அவன் உள்ளே கொண்டுவந்து மற்றவற்றோடு வைத்தபோது மட்டும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காட்மாண்டுவை அவர்கள் பார்க்கவில்லை. நாக்பூர் தாண்டியதும் கியர் பாக்ஸ் போய்விட்டது. அங்கே பதினோரு நாள், ஒரு சர்தாரின் பட்டறையில் படுத்துக்கொண்டு, சாமான் தேடி அலைந்து, ஒருவழியாகச் சரிசெய்தபோது கையில் இருந்ததெல்லாம் ஊர் திரும்பத்தான் போதும் என்றாகிவிட்டது. வேளா வேளைக்கு ராயப்பன் சாப்பிட்டான், சாந்திநாதன் கழுவினான். மீன் கிடைக்காத ஊரில் முட்டை. அது காய்ந்தால் மீனைவிடக் கெட்டியாக ஒட்டும் என்பதை அவன் அங்கேதான் தெரிந்துகொண்டான்.

திரும்பி வரும்போது நெல்லூருக்கு வெளியே ஒரு கால்வாயோரம் நிறுத்தினார்கள். ராயப்பன் ரோட்டுக் கடையில் மீன் குழம்பு வாங்கிவந்து, புல்லில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டான்.

“இன்னும் குமட்டுதா?” என்று கேட்டான்.

“குமட்டுது.”

ராயப்பன் தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தான்.

“குடுடா,” என்றான் சாந்திநாதன், “காஞ்சிட்டா அப்புறம் போவாது.”