பெட்டியை இறக்கும் நாள்

"இன்னும் ரெண்டு சுத்து. ரெண்டே ரெண்டு," என்றார் வெண்டல்.

ஆர்லீன் ஜாக்கியின் கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றினாள். பெட்டி ஒரு முனகல் முனகி, பிக்கப் வண்டியின் முதுகை விட்டு ஒரு விரற்கடை எழும்பியது. நான்கு மூலைக்கு நான்கு ஜாக்கிக் கால்கள். மணலில் புதையாமலிருக்க ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பலகைத் துண்டு. இந்த மூலையைக் கொஞ்சம் உயர்த்து, அடுத்த மூலைக்கு நட, அதை உயர்த்து, சுற்றிவந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பி. ஒரு கால் மற்றதைவிட அரை அங்குலம் ஏறிவிட்டால் போதும், வெண்டலுக்கு உயிரே போய்விடும். ஏழரை மணிக்கு ஆரம்பித்த வேலை. ஒன்பதுக்குத்தான் பெட்டி முழுசாக எழும்பி, அரிசோனா பாலைவனத்தின் நடுவே ஒட்டகக் குட்டி மாதிரி நான்கு காலில் நின்றது.

அந்தப் பெட்டிதான் அந்தக் கணவன் மனைவியின் வீடு. அடுப்பு, கழிப்பறை, இரண்டு பேர் முட்டி இடிக்க உட்காரும் மேசை, வண்டி ஓட்டுபவரின் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கை, எல்லாம் அதற்குள்தான். நெப்ராஸ்காவில் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ்களுக்கு மெக்கானிக்காக இருந்த வெண்டல், ஓய்வு பெற்ற மறு மாதமே வீட்டை விற்று இதை வாங்கினார். குளிர்காலத்தில் பாலைவனம், கோடையில் வடக்கு மலைகள் என்று நான்கு வருஷம் ஓடிவிட்டது. அக்டோபரில் ஒரு முறை, மார்ச்சில் ஒரு முறை பெட்டியை இறக்கி வண்டியைப் பரிசோதிப்பார். மற்ற நாளெல்லாம் அது வண்டியின் முதுகை விட்டு இறங்காது. பால் வாங்க ஊருக்குப் போனாலும் வீடும் கூடவே வரும். காற்றடித்தால் ஜாக்கிக் கால் வளைந்துவிடுமாம், அதனால் பெட்டியை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. முதுகில் பெட்டி இருந்தால் ஆர்லீன் ஓட்டக் கூடாது. மேலே சுமை, கீழே ஸ்பிரிங் பட்டை, ஒரு பிரேக் தப்பாக அடித்தால் எல்லாம் போச்சு என்பார். ஆக மொத்தம் ஆர்லீன் தனியாக எங்கேயாவது போக முடிகிற நாட்கள் வருஷத்துக்கு இரண்டு. அதில் ஒன்று இன்றைக்கு.

உள்ளே அலமாரிக் கதவின் பின்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளும் எத்தனை பவுண்டு எடை என்று வெண்டலின் கட்டை எழுத்தில் அதில் எழுதியிருக்கும். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். போன குளிருக்கு அவள் ஒரு நீலக் கம்பளிச் சட்டை வாங்கினாள், பதிலுக்கு ஒரு வாணலி போனது. பட்டை தேயக் கூடாது, வண்டியின் பின் தொட்டி தேயக் கூடாது, டயர் தேயக் கூடாது. மனுஷி தேய்வதைப் பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. ஆர்லீன் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. எட்டடிப் பெட்டிக்குள் ஒரு சண்டை போட்டால் அது போய் உட்கார இன்னொரு அறை வேண்டாமா?

அவளுடைய சிநேகிதி டாரிஸ் பதினோரு மைல் தள்ளி ஊருக்குள், சக்கர வீடுகளை வரிசையாக நிறுத்தி ஆட்கள் குடியிருக்கும் டிரெய்லர் பார்க்கில் இருக்கிறாள். போன வாரம் கடையில் பார்த்தபோது, வெண்டல் முட்டை அட்டையைத் திறந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், காதோடு சொன்னாள். "அடியே, எங்க பார்க்ல துணி துவைக்கற இடத்துக்கு ஆள் வேணுமாம். ரூமும் சேத்துத் தர்றாங்க. சின்ன ரூம்தான், ஆனா கதவு இருக்கு, சாத்திக்கலாம். சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள எங்க மேனேஜர் கானியை நேர்ல வந்து பாரு. இல்லேன்னா அவ வேற ஆளைப் போட்டுருவா." இன்றைக்குச் சனிக்கிழமை. ஆறு நாளாக ஆர்லீன் அந்தக் கதவை நினைத்துக்கொண்டேதான் தூங்கினாள்.

வெண்டல் வண்டியை மெல்ல முன்னால் எடுத்து, பெட்டிக்கு அடியிலிருந்து வெளியே கொண்டுவந்தார். பின் தொட்டிக்குள் ஏறி, மண்டியிட்டு, பழைய ரப்பர் விரிப்பைச் சுருட்டினார். அப்புறம் குனிந்து ஒரு பக்கச் சுவரை விரலால் தடவினார்.

"என்ன ஆச்சு?"

"இங்க வந்து பாரு உன் சாமர்த்தியத்தை."

தொட்டியின் வலது சுவர் நீளத்துக்கும் பெயின்ட் போய், இரும்பு பளபளவென்று தெரிந்தது. பெட்டியைச் சங்கிலி போட்டுப் பிணைக்கும் வளையத்தின் அடியில் மயிரிழை கனத்துக்கு விரிசல். ரப்பரும் அந்தப் பக்கம்தான் கிழிந்திருந்தது.

"எல்லாம் வலது பக்கம். வலது பக்க அலமாரியில என்ன வச்சிருக்க ஆர்லீன்? உண்மையைச் சொல்லு."

அவளுக்கு முகம் சிவந்தது. "தையல் மிஷினோட தலை. போர்வைக்குள்ள சுத்தி வச்சிருக்கேன்."

"எத்தன பவுண்டு?"

"இருபத்தாறு."

"இருபத்தாறு பவுண்டு! காகிதத்துல ஏத்தாம, எனக்குத் தெரியாம! வண்டியைக் கொல்லணும்னே கங்கணம் கட்டிக்கிட்டியா?"

திருட்டுப் பட்டம் சுமத்தப்பட்ட சிறுமி மாதிரி ஆர்லீன் தலை குனிந்து நின்றாள். குனிந்ததால்தான் அதைப் பார்த்தாள். தொட்டியின் தரையில் புழுதி ஒரு சட்டம் போட்டதுபோல் படிந்திருந்தது. பெட்டி உட்கார்ந்திருந்த இடத்தின் அச்சு அது. இடது பக்கம் நாலு விரல் இடைவெளி, வலது பக்கம் ஒன்றுமே இல்லை. பெட்டி ஐந்து மாதமாக வலது சுவரோடு ஒட்டித்தான் உட்கார்ந்திருக்கிறது. அரசு நிலத்தில் ஒரே இடத்தில் பதினான்கு நாளுக்கு மேல் தங்கக் கூடாதென்று இடம் மாறும்போதெல்லாம் அந்தக் கரட்டுப் பாதையில் குலுங்கிக் குலுங்கிச் சுவரை அராவியிருக்கிறது. இருபத்தாறு பவுண்டு மிஷின் இரண்டாயிரம் பவுண்டுப் பெட்டியை நகர்த்துமா? அக்டோபரில் பெட்டிக்கு அடியில் வண்டியைப் பின்னால் விட்டவர் வெண்டல். அவள் கையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள். "கையைக் காட்டாத, வாயால சொல்லு," என்று கத்தினார். காற்றில் அவள் சொன்னது கேட்டிருக்காது. இன்று காலையில்கூட மட்டக்குழலில் குமிழ் எங்கே நிற்கிறது என்று இரண்டு முறை அவளைத்தான் பார்க்கச் சொன்னார். முப்பது வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒவ்வொரு திருகையும் பார்த்த மனுஷர்.

ஆர்லீன் அவருடைய வலது பக்கமாகப் போய் நின்று மூன்று விரலை உயர்த்தினாள்.

"வெண்டல், எத்தன விரல்?"

"என்ன விளையாட்டு இது?"

"எத்தன?"

அவர் தலையை முழுசாகத் திருப்பினார். அப்புறம்தான் "மூணு" என்றார். சொன்ன பிறகு, தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தன நாளா?"

"போன கோடையிலேருந்து. முதல்ல ஓரத்துல நெழல் மாதிரி இருந்துச்சு. இப்ப வலது கண்ணுல ஒண்ணும் இல்ல."

"இடது?"

அவர் சாவிக்கொத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் துடைக்க ஒன்றுமில்லை.

"ஐடஹோ மலையில இறங்கினோமே செப்டம்பர்ல, வலது பக்கம் பூரா பாதாளம். அந்தப் பக்கம் காபியும் கையுமா நான்தான உக்காந்திருந்தேன்! பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

"சொன்னா நீ போக விட்டிருப்பியா?"

அவளுக்கு அந்தச் சாவியைப் பிடுங்கி மணலில் விட்டெறிய வேண்டும்போல் இருந்தது. அவரே எழுந்து வந்து அதை அவள் உள்ளங்கையில் வைத்தார். நான்கு வருஷமாக, அந்த இரண்டு நாள் தவிர, அவர் இடுப்பை விட்டு இறங்காத சாவி.

"கேட்டுக்கிட்டே இருந்தியே, இந்தா. இனிமே நீதான் ஓட்டற. நான் பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்றேன். ஏப்ரல் முதல் வாரம் கிளம்பிடலாம் ஆர்லீன். ஒண்ணும் மாறப் போறதில்ல."

அதை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. நேற்று வரை அவர் ஓட்டினார், அவள் கூடப் போனாள். நினைத்தால் ஒருநாள் இறங்கிவிடலாம் என்று ஒரு எண்ணமாவது இருந்தது. இனி அவள் இறங்கினால் வண்டியே நின்றுவிடும். அவர் நாலு காலில் நிற்கிற இந்தப் பெட்டிக்குள், தண்ணீர்த் தொட்டி வற்றும் வரைக்கும் உட்கார்ந்திருப்பார்.

"நான் ஊருக்குப் போய்ட்டு வரேன்," என்றாள்.

"ரப்பர் விரிப்பு வாங்கவா? நல்ல கனமா பாத்து வாங்கு. மூணு மணிக்குள்ள வந்துரு. மேக்கால காத்து எழும்பும், பெட்டி கால்ல நிக்கறப்ப காத்து ஆகாது."

சுமை இல்லாத வண்டி சின்னக் கல்லுக்கெல்லாம் எகிறிக் குதித்தது. அத்தனை ஸ்பிரிங் பட்டையும் பெட்டியின் சுமைக்காகக் கூடுதலாகப் போட்டவை, வெறும் முதுகோடு ஓடி அதற்குப் பழக்கமில்லை. தார் ரோட்டில் ஏறியதும் ஆர்லீன் சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையாகி, ஊர் வரும்வரை இரண்டும் மாறி மாறி வந்தது. பதினொன்றரைக்கு பார்க் வாசலில் இருந்தாள். கானி நாற்பது வயசுக்காரி, வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுபவள். எட்டு துவைக்கும் மிஷின்களைக் காட்டினாள், பின்னால் அந்த அறையைக் காட்டினாள். கட்டில், ஒரு நாற்காலி, அரளிச் செடியைப் பார்த்த ஜன்னல். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தையல் மிஷினுக்கு ஒரு மேசை போடலாம். எத்தனை பவுண்டு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

"திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்கு வர முடியுமாம்மா? யோசிச்சுச் சொல்றேன் கில்றேன்னு இழுக்காதீங்க. வெளிய இன்னொரு ஆளு காத்துட்டு இருக்கா."

"வரேன்," என்றாள் ஆர்லீன். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

ரப்பர் விரிப்பையும் வாங்கிக்கொண்டு அவள் திரும்பியபோது மணி இரண்டே முக்கால். மேற்கே வானம் பழுப்பேறியிருந்தது. வெண்டல் வெளியே கைகட்டி நின்றார். இரண்டு பேருமாக விரிப்பைத் தொட்டியில் விரித்தார்கள். பெட்டியைச் சுற்றிப் புழுதி ஓடத் தொடங்கியிருந்தது. காலடிப் பலகைகளில் ஒன்று லேசாகக் கிறீச்சிட்டது.

"இப்ப பின்னால விடு. பயப்படாத, நான் இந்தக் கால் பக்கத்துலயே நிக்கறேன். கையால தடவிப் பாத்துச் சொல்றேன்."

அவள் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்பி வைத்தாள். வண்டி அங்குலம் அங்குலமாகப் பெட்டிக்கு அடியில் நுழைந்தது. வெண்டல் ஓட்டுநர் பக்கத்து முன் ஜாக்கிக் காலை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையைக் காலுக்கும் வண்டிக்கும் நடுவே விட்டு, "மூணு அங்குலம், வா... மூணு, வா... ரெண்டரை, கொஞ்சம் வலதுல ஒடி... ஆங், வா," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நன்றாகத்தான் சொன்னார். பாதி தொட்டி உள்ளே போனதும் ஆர்லீன் பிரேக்கை மிதித்தாள்.

"இன்னும் பாதி இருக்கு, வா."

"திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்கு எனக்கு வேலை."

"என்ன வேலை?"

"டாரிஸ் இருக்கற பார்க்ல. துணி துவைக்கற இடத்துல. ரூமும் தர்றாங்க. வரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

காற்று ஒரு தட்டு தட்டியது. பெட்டி நாலு காலிலும் அசைந்து கொடுத்து, மறுபடி நின்றது. உள்ளே ஏதோ உருண்டு விழுந்தது.

"முதல்ல இதை ஏத்திருவோம்," என்றார் வெண்டல். "அப்புறம் பேசலாம்."

"ஏத்திட்டா பேச மாட்டோம். நாலு வருஷமா ஏத்தினதுக்கப்புறம் எதைப் பேசியிருக்கோம்?"

"அப்ப நான் என்ன பண்ண?" அதில் கோபமில்லை. வழி தெரியாதவர் வழி கேட்கிற மாதிரிதான் கேட்டார். அது அவளுக்கு இன்னும் வலித்தது.

"நீயும் வா. பெட்டியை அங்கயே இறக்கி வச்சுக்கலாம். கண் டாக்டரைப் பாக்கலாம்."

"அங்கயா? வரிசையா நிறுத்தி வச்சிருக்கற கல்லறைக்கா?" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். காற்று இப்போது விட்டு விட்டு அல்ல, ஒரே சீராக வந்தது. பலகை கிறீச்சிடுவதும் நிற்கவில்லை. அவள் கியரில் கை வைத்தாள். பின்னால் விட்டால் நாலடி, பெட்டி பத்திரமாக உட்கார்ந்துவிடும், சங்கிலி மாட்டிவிடுவார். முன்னால் எடுத்தால் ரோடு. பிரேக்கின் மேல் அழுத்திய கால் விண்விண்ணென்று தெறித்தது.

"ஆர்லீன், கியர் எதுல இருக்கு?"

கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது, ரொம்ப அருகில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் இல்லாத ஒரு இடத்தைப் பார்த்தபடி. ஒரு கை ஆடுகிற ஜாக்கிக் காலைக் கட்டிப் பிடித்திருந்தது. இன்னொரு கையை வண்டியின் விலாவில் பதித்து, வண்டி எந்தப் பக்கம் நகரப் போகிறது என்பதைத் தொட்டுத் தெரிந்துகொள்ளக் காத்திருந்தார். அந்த இரண்டரை அங்குலத்துக்குள்ளிருந்து அவர் விரல்களை எடுக்கவே இல்லை.