பாடு என்றால் மாடு

அந்த வீட்டில் யாராவது ‘பாடு’ என்று சொன்னால் போதும், நண்டு என்று செல்லமாகக் கூப்பிடப்படும் அந்த வீட்டுக் குட்டிப்பெண் மாடாகிவிடுவாள். கைகளைத் தரையில் ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, வந்திருப்பவர்களின் முழங்காலில் போய் முட்டுவாள். நாலு வயதுப் பிள்ளை முட்டினால் யாருக்குத்தான் கோபம் வரும்? “பாட்டு கேட்டா முட்ட வர்றாளே!” என்று சிரித்துக்கொண்டே தலையைத் தடவுவார்கள். நண்டும் சிரிப்பாள். ஆனால் எல்லோருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாகத்தான் சிரிப்பாள்.

அவளுடைய அப்பா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளன். மாடியில் ஒரு கண்ணாடி அறை, ஒரு மேசை, ஒரு மைக். எந்த வண்டி எந்த மேடையிலிருந்து கிளம்புகிறது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் வேலை. ‘புறப்படத் தயாராக’ என்று அவன் குரல் கேட்டால், ஸ்டியரிங்கில் தலைசாய்த்துத் தூங்கும் டிரைவர்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார். கீழே கடை வைத்திருப்பவர்களுக்கு அவன் பெயர் தெரியாது. அவர்களுக்கு அவன் ‘மைக்கு’.

மாலையில் நண்டைப் பாலர் பள்ளியிலிருந்து கூட்டிவரும்போது அவன் மனைவி ஒலிபெருக்கிக் கம்பத்தடியில் நிற்பாள். “அங்க பாரு, அப்பா பேசுறாரு” என்று மேலே காட்டுவாள். நண்டு அந்தத் தகரப் புனலைப் பார்த்துக் கையாட்டுவாள். கண்ணாடிக்குப் பின்னால் அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். என் குரலை எப்படிக் கண்டுபிடிக்கிறாள் பார், என்று நினைத்துக்கொள்வான்.

பாலர் பள்ளி டீச்சர் ஒருநாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“மத்த பிள்ளைங்க எல்லாம் ‘ப’ன்னா பழம், பல்லுன்னு அடுக்குறாங்க. இவளுக்கு முதல் சத்தமே பிடிபடல. பேசுறதும் பாதி விளங்கல. தப்பா நினைக்காதீங்க, வீட்டுல பிள்ளைகிட்டப் பேசுறீங்களா?”

பேசிப் பிழைக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? வீட்டுக்கு வந்து பொருமினான்.

“ஊருக்கெல்லாம் தொண்டை கிழிய வழி சொல்றீங்க, வீட்டுக்கு வந்தா வாய்க்குப் பூட்டு” என்றாள் மனைவி. “டீச்சர் கேட்டதுல என்ன தப்பு?”

மறுநாளே வேலையில் இறங்கினான். பழைய பத்திரிகைகளிலிருந்து படங்களை வெட்டி, செருப்புப் பெட்டி அட்டையில் ஒட்டினான். பல், பழம், பை, மரம், மழை, மாடு. தினமும் வேலை முடிந்து வந்ததும் நண்டை எதிரே உட்காரவைத்து, வாயை அகலத் திறந்து, “ப்… ப்… பழம்! எங்க பழம்?” என்பான். சில நாள் சரியாக எடுப்பாள். சில நாள் பழம் கேட்டால் மழையை நீட்டுவாள். சரியாக எடுக்கும் நாட்களில் அவன் கண் தன்னையறியாமல் அந்த அட்டைக்கே போய்விடுவதும், நண்டு அந்தக் கண்ணைத்தான் படிக்கிறாள் என்பதும் அவனுக்குத் தெரியவில்லை.

‘வ’ வந்தது. ‘த’ வந்தது. ‘க’ வரவே இல்லை. ‘ப’வும் ‘ம’வும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்றன. அப்பாவும் அம்மாவும் அவளுக்கு ஒரே சொல்தான்: அம்பா.

“என்னைத்தான் கூப்பிடுறா.”

“ஆசையப் பாரு! பெத்தவ நான் இருக்க, உங்களையா கூப்பிடுவா?”

அந்தச் சண்டை அந்த வீட்டின் சின்னச் சந்தோஷங்களில் ஒன்று.

பிறகு அவனுக்குச் சளி பிடித்தது. பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்று மாஸ்க் போட்டுக்கொண்டு அட்டைகளைப் பரப்பினான். “பல்லு எங்க?” என்றான். நண்டு கையை நீட்டி மாஸ்கைக் கீழே இழுத்தாள்.

“சேட்டை பண்ணாத, தங்கம்.” மறுபடி மூக்குக்கு மேல் ஏற்றினான். மறுபடி இழுத்தாள். மூன்றாவது தடவை அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டதும், உதடு பிதுங்கி அழ ஆரம்பித்தாள். விளையாட்டுக்கு அழுகிற அழுகை இல்லை. விளக்கை யாரோ அணைத்துவிட்டது போன்ற அழுகை.

சமையலறை வாசலில் நின்ற மனைவி, “‘பாடு’ன்னு சொல்லுங்க, அழுகை போயிடும்” என்றாள் சிரித்துக்கொண்டே.

“பாடு” என்றான், மாஸ்குக்குள்ளிருந்து.

நண்டு அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“பாடு, நண்டு.” குரலை உயர்த்தினான். “பாடு!” பேருந்து நிலையமே திரும்பிப் பார்க்கும் குரல் அது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. குழந்தை இமைகூடக் கொட்டவில்லை.

மனைவியின் சிரிப்பு பாதியில் நின்றது. அவன் மெல்ல மாஸ்கைக் கழற்றினான். சத்தமே வராமல், உதட்டை மட்டும் அசைத்தான்: பாடு.

கன்னத்தில் கண்ணீரோடு நண்டு மாடானாள்.

காது டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, நாற்காலியை அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “காதுல இருந்து மூளைக்குப் போற நரம்பே சரியா வளரல. மிஷின் மாட்டினாலும் ஆபரேஷன் பண்ணினாலும் இவளுக்குப் பெருசா பலன் இருக்காது. கெட்டிக்காரப் பிள்ளை. உதட்டைப் பார்த்தே இத்தனை நாள் எல்லாரையும் ஏமாத்தியிருக்கா. ‘ப’வுக்கும் ‘ம’வுக்கும் உதடு ஒண்ணுதானே? ‘க’ உள்ளுக்குள்ள இருக்கு, அவ எங்க போய்ப் பார்ப்பா?”

“தினமும் சொல்லிக் குடுத்தேனே டாக்டர்” என்றான் அவன்.

“சொல்லிக் குடுத்தது வீணில்ல. ஆனா இனிமே கையால பேசக் கத்துக்கணும். அவ மட்டும் இல்ல, நீங்களும்.”

“இங்க யாரு சொல்லித் தருவாங்க?”

டாக்டர் ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். அது அவன் தினமும் அறிவிக்கும் ஊர்தான். விடிகாலையில் கிளம்பும் வண்டி அங்கே போய்ச் சேரும்போது இருட்டிவிடும். அங்கே காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி இருக்கிறது, பிள்ளைகளை அதன் விடுதியில் விட்டுவிட வேண்டும் என்றார். மனைவி நண்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்றிரவு மனைவி எதுவும் சாப்பிடவில்லை. “நம்மளையே அவளுக்கு முகம் பார்த்தாத்தான் தெரியும். அங்க யாரு முகத்தைப் பார்ப்பா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அவன் அட்டைகளைப் பொறுக்கி அடுக்கினான். எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி தரையிலேயே வைத்தான்.

அடுத்த நாள் மாலை கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தான். இரண்டு வண்டிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் ஓய்வு. மைக்கை அணைத்து வைத்திருந்தான். கீழே இருவரும் வருவது தெரிந்தது. மனைவி இன்று கம்பத்தடியில் நிற்கவில்லை. மேலே காட்டவும் இல்லை. தலையைக் குனிந்தபடி வேகமாக நடந்தாள்.

நண்டுதான் நின்றாள். அம்மாவின் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பேச்சுமூச்சில்லாத அந்தத் தகரப் புனலை நிமிர்ந்து பார்த்து, எப்போதும்போல் சந்தோஷமாகக் கையாட்டினாள்.

அவன் எழுந்து கண்ணாடியைத் தட்டினான். இந்தப் பக்கம் பார், நான் இங்கே இருக்கிறேன் என்று இரண்டு கைகளையும் வீசினான். கடைக்காரர்கள் திரும்பினார்கள். வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். நண்டு மட்டும் திரும்பவில்லை. “மைக்குக்கு என்ன ஆச்சு?” என்று யாரோ கேட்பது காதில் விழுந்தது. அடுத்த வண்டி உள்ளே திரும்பி வந்து அவர்களை மறைத்தது.

அந்த வண்டியை அவன்தான் அறிவிக்க வேண்டும். உட்கார்ந்து, பொத்தானை அழுத்தினான்.