சிவப்பு போல்ட் நான்கு

என் வீட்டுக்காரருக்கு டிராக்டர் என்றால் உயிர். அந்த உயிர்தான் ஆறு மாதமாக அவர் இடுப்பை ஒடித்துக்கொண்டிருந்தது. "இந்த வலியோட இன்னொரு சீசன் உழுதீங்கன்னா நடக்கறதே கஷ்டமாயிடும். வேற வேலை பாருங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் அண்ணன் தன் கிடங்கில் வாட்ச்மேன் வேலை தருவதாகச் சொன்னார். இருபது வருடம் ஓட்டிய மனிதர் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கே பகீரென்றது.

இத்தனைக்கும் வண்டி புதுசு. பழையது குலுக்குகிறது என்றுதான், கேபினுக்கு அடியில் நாலு மூலையிலும் ஸ்பிரிங் வைத்த இந்த வண்டியை, இவர் வேலை பார்க்கும் பண்ணையின் முதலாளியம்மா வாங்கினார். இது அதைவிட மோசமாகக் குலுக்கியது.

சர்வீஸுக்கு வந்த மெக்கானிக் அக்கா கேபினுக்கு அடியில் புகுந்தவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும் கேட்டார்: "அண்ணே, இந்த சிவப்பு போல்ட் நாலையும் யாரு இவ்ளோ டைட்டா வெச்சது?"

"நான்தான்" என்றார் இவர், பெருமையாக. "வாராவாரம் முறுக்கிடுவேன். இம்மி லூஸ் விடமாட்டேன்."

"லாரில வரும்போது கேபின் ஆடாம இருக்கப் போட்டதுண்ணே இது. வண்டி வந்த அன்னிக்கே கழட்டியிருக்கணும். இது இருந்தா ஸ்பிரிங் எப்படி வேலை செய்யும்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்றைக்கு ஸ்பேனரோடு வந்த கம்பெனி ஆளை, "என் வண்டில எவனும் கை வைக்கக்கூடாது" என்று விரட்டியடித்ததும் இதே மகராசன்தான்.

அக்கா நாலையும் கழற்றினார். இவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஏறினார். கட்டி கட்டியாகக் கிடந்த நிலத்தில் சக்கரங்கள் குதித்தன; கேபின் மட்டும் அலுங்காமல் குலுங்காமல் போனது. ஒரு சுற்று என்று போனவரை இறக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

மூன்று வாரம் கழித்து டாக்டர், "இப்படியே இருந்தா ஓட்டலாம்" என்றார். நான் நம்பவில்லை. டாக்டரிடம் இவர் வலியை மறைத்திருப்பார் என்றே நினைத்தேன்.

மறுநாள் மாலை, உழவு முடித்து இறங்கியவர் சட்டென்று குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்து, நசுக்கிப் பார்த்தார். "ஈரம் சரியா இருக்கு. நாளைக்கு அந்தப் பக்கமும் ஓட்டிடலாம்."

தான் குனிந்ததே அவருக்குத் தெரியவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த ஆறு மாதத்துக்கும் சேர்த்துத் திட்ட ஆரம்பித்தேன்.