வசந்தாமணியின் முறை

வசந்தாமணிக்கு மலம் என்ற சொல்லே வாயில் வராது. ‘அது’ என்பாள். அந்த அதைத்தான் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் வாளியோடு தூக்கிக்கொண்டுபோய்க் கொட்ட வேண்டியிருந்தது.

குடியேறிய வெளிநாட்டு ஊரான பிரிட்ஜ்வாட்டருக்கு வெளியே ஓடைக்கரையில் இருக்கும், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் கூடத்துக்கு அவள் சில வருஷங்களாகப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டுப் பூஜை அறையை விட்டுவிடவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு தவறாது. ஆனால் ஞாயிறு காலை அந்த மரப் பெஞ்சில் உட்கார்ந்தால் பூசாரி இல்லை, பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. எல்லோரும் பேசாமல் இருப்பார்கள். யாருக்காவது உள்ளிருந்து சொல் வந்தால் எழுந்து சொல்வார்கள். கடைசியில் பக்கத்தில் இருப்பவரோடு கைகுலுக்கினால் வழிபாடு முடிந்தது. வாரம் முழுக்க ஆபீஸ் இரைச்சலில் கிடந்தவளுக்கு அது பெரிய ஆறுதல்.

போன கோடையில் கூடத்தின் செப்டிக் டேங்க் உடைந்து கழிவெல்லாம் ஓடையில் கலந்தது. நாம் அசுத்தம் செய்த தண்ணீரை வேறு யாரோ குடிக்கக் கூடாது என்று அவர்கள் பேசினார்கள். அடியில் வாளி வைத்த, தண்ணீரே இல்லாத கழிவறை கட்டுவது, மேலே மரத்தூள் தூவுவது, மக்க வைத்து மரங்களுக்குப் போடுவது என்று யோசனை வந்தது. கூட்டுவது, பெருக்குவது எதற்கும் அங்கே கூலி ஆள் கிடையாது. எல்லாம் முறை வைத்து அவர்களே செய்வார்கள். இதுவும் அப்படித்தான்.

அங்கே ஓட்டெடுப்பும் இல்லை. ஒருவர் மனம் ஒப்பவில்லை என்றாலும் காரியம் நின்றுவிடும். கூட்டத்தை நடத்தும் ரூத், முழங்கால் தேய்ந்த முதியவள், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து வசந்தாமணியிடம் சற்று அதிகமாகவே காத்திருந்தாள். இத்தனை வெள்ளைக்காரர்கள் நடுவில் மாட்டேன் என்பது எப்படி? மரியாதைக்காகத் தலையாட்டினாள். அவர்கள் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டார்கள். கழிவறை வந்தது; வாளி கொட்டும் பட்டியலில் இந்த ஞாயிற்றுக்கு அவள் பெயர்.

“ஏனுங்க, நான் தலையாட்டுனதுக்கு இப்படியா?” என்றாள் புருஷனிடம்.

கோபாலசாமி சிரித்தார். “என்விரான்மென்ட் என்விரான்மென்ட்டுன்னு போனீல்ல, அள்ளு. நம்ம கோயில்ல ஃப்ளஷ் பண்ணுனா போயிருது. சாமி ஒண்ணும் கேக்கறதில்ல.”

“வெளையாடாதீங்க. நெனச்சாலே கொமட்டுது.”

“அதுக்கெதுக்கு அழுவோணும்? நம்ம புல்லு வெட்டற எஸ்தெபான் இருக்கறானல்லோ. ஒரு கால் பண்ணு. க்ளீன் பண்ணிட்டுப் போறான்.”

கேட்டதும் வசந்தாமணிக்கு மூச்சு வந்தது. அதில் தப்பு ஏதும் இருப்பதாக இருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு காலை மற்றவர்கள் வருமுன்பே எஸ்தெபான் வந்துவிட்டான். குவாத்தமாலாக்காரன்; குட்டையான, சாதுவான ஆள். பின்கதவைத் திறந்ததும் ஈர மரத்தூள் வாசனை வந்தது. அதற்கு அடியில் இனிப்பாக, அழுகலாக இன்னொன்று. வசந்தாமணி சால்வையால் மூக்கைப் பொத்தினாள். அவன் வாளியைத் தூக்கிக்கொண்டுபோய் உரப்பெட்டியில் கவிழ்த்தான். கொஞ்சம் அவன் கையில் வழிந்தது. “நோ ப்ராப்ளம், செஞ்ஞோரா” என்று, அம்மா என்பதைத் தன் பாஷையில் சொல்லிச் சிரித்தான்.

வெளிக்குழாயடிக்கு வந்து, திறந்துவிடச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினான். அவள் குழாயைத் திறந்துவிட்டுப் பின்னால் துள்ளினாள். ஒரு துளி கூடப் படாதபடி கோட்டு நுனியை இழுத்துச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

எஸ்தெபான் அதைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவினான். பிறகு கைகளை ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டான்.

நொண்டியபடி வந்த ரூத், காலி வாளியையும் அவனையும் வசந்தாமணியையும் பார்த்தாள். “வெளியே குளிர்கிறதே, உள்ளே வந்து உட்காருங்கள்” என்று அவனை அழைத்தாள். வசந்தாமணியின் பெஞ்சில்தான் இடம் இருந்தது.

அமைதி தொடங்கியது. வசந்தாமணிக்கு நாற்றம் அடித்தது. அவனிடமிருந்து சோப்பு வாசனைதான் வருகிறது என்று தெரிந்தும் அடித்தது. ஆனால் அவன் அந்தக் கழிவறைக்குப் போனதே இல்லை. போனது அவள். போன வாரம் அவள் சாப்பிட்ட அரிசிம்பருப்புச் சாதமும் அந்த வாளியில்தான் இருந்தது.

கோட்டு நுனியை அப்படி இழுத்துப் பிடிக்க யார் சொல்லிக்கொடுத்தார்கள்? யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கைக்குத் தானாகவே தெரிந்திருந்தது. கடல் தாண்டி, கிரீன் கார்டு வாங்கி, வீடு வாங்கி, மண்ணைக் காப்பாற்றுவோம் என்று கண்ணை மூடி உட்கார்ந்த பிறகும் அந்தக் கை மாறவில்லை. இப்போது அருவருப்பு வாளியை விட்டு அவள் மேலேயே வந்து உட்கார்ந்தது. தன் கையைத் தானே தள்ளி வைக்க முடியுமா என்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரூத் பக்கத்தில் இருந்தவரின் கையைக் குலுக்கினாள். கூடம் முழுக்கக் கைகள் நீண்டன. எஸ்தெபான் மட்டும் கைகளைப் பைக்குள்ளேயே வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வசந்தாமணி முன்பெஞ்சுக்காரரிடம் கையை நீட்டியிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், அவனைத் தவிர.

அவள் அவன் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

அவன் மெதுவாகக் கையை வெளியே எடுத்தான். “க்ளீன்” என்றான், தணிந்த குரலில். “நான் கழுவிவிட்டேன்.”

“தெரியுமுங்க” என்றாள் தமிழிலேயே. இரண்டு கைகளாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். நாற்றம் அப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

வாசலில் ரூத்திடம் சொன்னாள்: “அன்றைக்கு நான் மனதோடு தலையாட்டவில்லை. அடுத்த முறை நானே செய்கிறேன்.”

“எனக்கும் ஒவ்வொரு தடவையும் குமட்டும்” என்றாள் ரூத்.

அடுத்த முறை வந்தபோது வசந்தாமணி பாதி வழியில் வாளியை இறக்கி வைத்து, வேலியோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி தூக்கினாள். கொட்டினாள். மரத்தூளைத் தூவி மூடினாள். குழாயடிக்கு வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

ரூத் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ரூத்தின் ஷூவிலும் பாவாடையிலும் தெறித்தது. அவள் நகரவில்லை.