குவைத்திலிருந்து வந்த அம்மா

பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான்காம் தரத்துக்குப் படிப்பிக்கும் துஷ்யந்தி, குறும்படப் போட்டி ஒன்றுக்குத் தன் வகுப்பின் பெயரைக் கொடுத்திருந்தாள். கமெரா அவளுடைய போன்தான். கதையைப் பிள்ளைகளே சொல்லட்டும் என்று விட்டதில், குவைத்துக்குப் போன அம்மா வீடு திரும்பும் கதை வந்து நின்றது. மகள் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிப்பிடிப்பாள், எல்லோரும் அழுவார்கள், படம் முடியும்.

அம்மா வேஷத்துக்கு முந்திக்கொண்டு கை தூக்கியவள் ஹம்சிகா. துஷ்யந்தி தயங்கினாள். ஹம்சிகாவின் அம்மா உண்மையிலேயே குவைத்தில் வீட்டுவேலை செய்கிறவள். போன வருடம் லீவில் வந்துபோனாள். பிள்ளையோ தூக்கிய கையை இறக்குவதாக இல்லை. சரி, நடிக்கட்டும் என்று விட்டாள்.

பாடசாலையின் சாமான் அறையை ஒதுக்கிப் பாய் விரித்ததும் அது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பிரா ஆகிவிட்டது. ஹம்சிகா பெரிய சூட்கேஸை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். மகளாக நடித்த கிருஷிகா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். ஹம்சிகா மரம்போல நின்றாள்.

“நீயும் கட்டிப்பிடிச்சு அழணும்” என்றாள் துஷ்யந்தி.

“அம்மா அப்படிச் செய்ய மாட்டாங்க டீச்சர்.”

“படத்துல அழணும்டீ!” என்று கிருஷிகா கத்தினாள்.

“எங்கம்மா வந்தா தூங்குவாங்க.”

வெளியே பனி இறங்கி வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. வாதாட நேரமில்லை. “சரி, உன் இஷ்டத்துக்குச் செய்” என்று துஷ்யந்தி மறுபடி போனைத் தூக்கினாள்.

ஹம்சிகா வந்தாள். கட்டிக்கொண்ட கைகளை மெதுவாக விலக்கினாள். சப்பாத்தைக் கழற்றினாள், சூட்கேஸை மூலையில் தள்ளினாள், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கிருஷிகா திருதிருவென்று விழித்தாள். “டீச்சர், இப்ப நான் என்னா செய்ய?”

“சத்தம் போடாம இரு. பெட்டியத் தொறக்காத” என்றாள் ஹம்சிகா, கண்ணைத் திறக்காமலே.

துஷ்யந்தி நிறுத்தாமல் எடுத்தாள். கடைசியில் அதையே படத்தில் வைத்தாள்.

பெற்றோர் கூட்டத்தில் படத்தைப் போட்டபோது அந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஹம்சிகாவின் அப்பா மோகனராஜ் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் அவர் நேரே துஷ்யந்தியிடம் வந்தார்.

“அந்தப் படத்த எனக்கு அனுப்பிவிடுங்க டீச்சர். புள்ளையோட அம்மாவுக்கு அனுப்பணும்.”

“கோவிச்சுக்க மாட்டாங்களா?”

“கோவிச்சா கோவிச்சுக்கட்டும். புள்ள என்னா பார்த்துச்சுன்னு தெரியட்டும்.”

போட்டியில் பரிசு கிடைக்கவில்லை. பிள்ளைகள் ஒருநாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்துவிட்டு மறந்துபோனார்கள். அடுத்த வாரம், இடைவேளையில், ஹம்சிகா துஷ்யந்தியின் மேசையருகே வந்து நின்றாள்.

“ஞாயித்துக்கிழமை அம்மா போன்ல பேசுனாங்க டீச்சர். படம் பார்த்தாங்களாம். லீவுக்கு வர்றதுக்கு முந்தி வேலை செய்யிற வீட்டுல தூங்கவே விடலையாம். அதான் வந்ததும் தூங்குனேன்னு சொன்னாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல. சொல்லப் போனேன், அந்த வீட்டுப் புள்ள அழுதுச்சு. அம்மா போன வச்சிட்டாங்க.”

“அடுத்த ஞாயித்துக்கிழமை திரும்பப் பேசுவாங்களா?” என்று துஷ்யந்தி கேட்டாள்.

“தெரியாது டீச்சர்” என்றுவிட்டு ஹம்சிகா விளையாட ஓடினாள்.