கையத் தூக்கின படகுக்காரன்

சகாய ஆனந்த் பொறுமை கிலோ என்ன வெலைன்னு கேக்கற ஆளு. கடலூர் மஞ்சக்குப்பத்துல மொபைல் சர்வீஸ் கடை வெச்சிருக்கான். கடைய மூடினா துப்பாக்கி கேம்தான், அதையும் யூட்யூப்ல லைவா விடுவான். கேம்ல யாராவது வாயத் தொறந்தா போதும், ஸ்கிப் பட்டன அமுக்கிடுவான். "சுடுற கேம்ல கத என்னாத்துக்குடா?"ன்னு வேற கேப்பான். அதுக்கும் லைக் போட ஒரு கூட்டம் இருக்கே, அவுங்கள என்ன சொல்ல!

இவன் அக்கா மேரி ஷாலினியக் கட்டின ஜெனித் சிதம்பரத்துல இருக்காரு. சின்ன கம்பெனி ஒண்ணுக்கு கேம் கதை எழுதறதுதான் அவருக்கு வேலை. வருஷக்கணக்கா மண்டைய ஒடச்சிக்கிட்டு எழுதின துப்பாக்கி கேம் வெளிய வந்ததும் மொத ஃபோன் ஆனந்துக்குத்தான்.

"மச்சான், மெதுவா ஆடு. அங்கங்க நின்னு பாரு. எனக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி, லைவ் பாக்க முடியாது. நித்யா உக்காந்து பாத்துடுவா."

"கவலைய வுடுங்க மாமா, கண்ணுல வெளக்கெண்ண ஊத்திக்கிட்டு ஆடறேன்."

நித்யா மேரி அவருக்கு ஒரே பொண்ணு. பொறந்ததுலேர்ந்து காது கேக்காது, கையாலதான் பேசுவா. மாமன்னா அவளுக்கு உசுரு.

நம்ம ஆனந்த் நின்னு பாத்தாரா? மண்ணாங்கட்டி! ஸ்கிப், ஸ்கிப்னு ஒரே மூச்சுல ஆடி முடிச்சான். சுரபுன்னைக் காட்டு வாய்க்கால்ல ஒரு படகுக்காரன் எதுக்க வந்து கையத் தூக்கினான். "வழிய மறிக்கிறாம்பா"ன்னு சொல்லிக்கிட்டே சுட்டுத் தள்ளிட்டு அடுத்த கட்டத்துக்கு ஓடிட்டான்.

அந்த ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசை முடிஞ்சதும் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினான். அக்கா வீட்டுல மீன் கொழம்பு. ஜெனித் சோத்தப் பெசையாமலே இவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு.

"படகுக்காரன் எப்படி மச்சான்? நித்யாவக் கேட்டா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறா, எழுந்து போயிடறா."

தெரியலன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம். வாய் சும்மா இருந்தாத்தானே! "அடடா, அவன் பேசற பேச்சு இருக்கே மாமா, அப்படியே நம்மூரு பாஷை. எனக்குப் புல்லரிச்சிப் போச்சு."

ஜெனித் தட்டப் பாத்தாரு.

"அவனுக்குப் பேச்சு வராது மச்சான். எல்லாம் கைச்சாடைதான். நித்யா சொல்லிக் குடுத்தது."

ஆனந்த் எடுத்த சோத்தத் தட்டுலயே போட்டான். காது ரெண்டும் சுட்டுச்சு.

"நீ நின்னிருந்தா அவன் உன்னப் பாத்து மீசைய முறுக்கியிருப்பான்."

நித்யா பாஷையில மீசைய முறுக்கினா 'மாமா'ன்னு அர்த்தம். ஆனந்துக்கு அவளே வெச்ச பேரு அது. எப்ப வந்தாலும் வாசல்லயே முறுக்கிக் காட்டுவா. இன்னிக்கு அவ கையே தூக்கலன்னு இப்பதான் அவனுக்கு ஒறைச்சிச்சு. படகுக்காரன் காட்டற சாடைய மாமா கண்டுபுடிச்சிடுவாருன்னு லைவ் முன்னாடி ஆசையா உக்காந்திருக்கா. அப்பா மனசு நோகக் கூடாதுன்னு பாத்ததையும் மறைச்சிருக்கா.

"சுட்டுட்டேன் மாமா"ன்னான்.

"ச்சீ! சோத்துல கைய வெச்சிக்கிட்டா பொய் சொல்ற?" ஷாலினி கரண்டிய டக்குனு வெச்சிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. ஜெனித்தும் நாலு வார்த்த திட்டியிருந்தா தேவலாம்னு இருந்துச்சு ஆனந்துக்கு. மனுஷன் திட்டல. "சாப்புடு மச்சான், ஆறிடப் போவுது"ன்னாரு. அதுதான் அவனக் கொன்னுச்சு.

கையக் கழுவிட்டு உள் ரூமுக்குப் போனான். நித்யா தரையில உக்காந்து படம் வரைஞ்சிக்கிட்டிருந்தா. மறுபடி ஆடலாமான்னு சாடையில கேட்டான். அவ தலைய நிமுத்தாம வரைஞ்சா. ஆனா அவன் கேமப் போட்டதும் பக்கத்துல வந்து உக்காந்தா.

இந்தத் தடவ ஒண்ணையும் ஸ்கிப் பண்ணல. வெள்ளத்துல வீட்ட விட்டுட்டு வந்த ஜனங்க மொகத்த ஒவ்வொண்ணா நின்னு பாத்தான். இவ்வளவு இருந்துச்சா இதுல, இத்தன கேமுலயும் இப்படித்தான் ஓடினோமான்னு அவனுக்கே அசிங்கமா இருந்துச்சு. வாய்க்கால் வந்துச்சு. படகு வந்துச்சு. ஆனந்த் துப்பாக்கியத் தாழ்த்திட்டு அசையாம நின்னான்.

படகுக்காரன் கையத் தூக்கினான்.

நித்யா பாஞ்சு ஆனந்தோட ரெண்டு கையையும் கன்ட்ரோலரோட சேத்து இறுக்கிப் புடிச்சா. சுட மாட்டேன்னு சொல்லணும். அவ கிட்ட சொல்றதுக்குக் கை வேணும். அவ விடல.